எட்டு மில்லி பால்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கலாமா, கூடாதா? நம் வீடுகளில் இதற்கு எப்போதும் இரண்டு கட்சி உண்டு. லங்கணம் பரம ஔஷதம் என்று வயிற்றைக் காயப்போடச் சொல்வது ஒரு கட்சி. இரண்டு வாய் கஞ்சியாவது உள்ளே போனால்தானே தெம்பு வரும் என்று கிண்ணத்தோடு பின்னாலேயே நிற்பது இன்னொன்று. சாதாரணக் காய்ச்சல் என்றால் கிண்ணத்தோடு நிற்கிறவர் சொல்வதுதான் சரி; குழந்தை கேட்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் குழந்தை கேட்கும் நிலையிலேயே இல்லாதபோது? தொண்டைக்குள் மூச்சுக்குழாய், கையில் ஊசி, மயக்க மருந்தில் மூடிய கண்கள் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தைக்கு என்ன கொடுப்பது, எப்போது, எவ்வளவு? இந்தக் கேள்வியோடு மருத்துவம் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. கிடைத்திருக்கும் விடையில் இரண்டு கட்சிக்கும் பங்கு இருக்கிறது.

கொல்லிமலையில் அரியூர் நாட்டிலோ சேலூர் நாட்டிலோ உள்ள ஓர் ஊரில் இரண்டு வயதுக் குழந்தைக்கு நிமோனியா என்று வைத்துக்கொள்வோம். செம்மேடு அரசு மருத்துவமனையில் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, கீழே அனுப்புகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆம்புலன்ஸ் நாமக்கல் வந்து சேர்கிறது. அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதற்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் சேலத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. குழந்தையின் எடை எட்டு கிலோ. இரண்டு வயதில் பன்னிரண்டு கிலோவை ஒட்டி இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, வழியெல்லாம் வாந்தி.

மறுநாள் காலை பாட்டி கண்ணாடி வழியே பார்க்கிறார். மூக்கில் மெல்லிய குழாய். செவிலியர் அதில் மணிக்கு எட்டு மில்லி பால் விடுகிறார். ஒரு சங்கில் பாதிகூட வராது. பாட்டிக்கு வயிறு எரிகிறது. புள்ளையைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறதே என்று அவர் அழுதால் அது நியாயமான அழுகைதான். அவருக்கு யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

முதலில் 'அதுதான் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களே' என்ற ஆறுதலைப் பார்க்கலாம். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதில் கிடைப்பது சுமார் 85 கலோரி. ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்றுத்தான் அதிகம். முட்டையிலாவது ஆறு கிராம் புரதம் உண்டு, பாட்டிலில் துளியும் கிடையாது. இந்தக் குழந்தைக்கு நாள் முழுவதும் 800 மில்லி ஏற்றினாலும் 140 கலோரியைத் தாண்டாது. நலமாக ஓடியாடும் எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 650 கலோரி வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவது நீருக்காகவும், ரத்தச் சர்க்கரை சரிந்துவிடாமல் காக்கவும்தான். அதை உணவுக் கணக்கில் எழுதக் கூடாது. நம் ஊர்களில் இது இன்னும் போய்ச் சேராத செய்தி என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் உடல் எதை எரித்து உயிரைக் காக்கிறது? இதைக் கண்டுபிடித்தவர் சிறுநீரை அளந்து கண்டுபிடித்தார். 1920களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மருத்துவமனையில் டேவிட் கத்பர்ட்சன் என்ற உயிர்வேதியியலாளரிடம் எலும்பு மருத்துவர்கள் ஒரு சந்தேகத்தோடு வந்தார்கள். சிலருக்குக் கால் எலும்பு முறிவு கூடுவதற்கு ஏன் இத்தனை காலம் ஆகிறது? எலும்புக்கு வேண்டிய தாதுக்கள் வெளியேறுகின்றனவா என்று பார்க்க, நோயாளிகளின் சிறுநீரை நாள் தவறாமல் சேகரித்து ஆராய்ந்தார். தாதுக்கள் மட்டுமல்ல, நைட்ரஜனும் ஏராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. அடிபட்ட இடத்திலிருந்து மட்டும் அவ்வளவு வந்திருக்க முடியாது. நைட்ரஜன் புரதத்தின் அடையாளம். உடலில் புரதத்தின் பெரிய இருப்பு தசை. ஒரு கிராம் நைட்ரஜன் சிறுநீரில் போனால் சுமார் முப்பது கிராம் தசை கரைந்தது என்று கணக்கு. முறிந்தது ஒரு கால் எலும்பு, கரைந்தது உடம்பெங்கும் உள்ள தசை.

கத்பர்ட்சனை இன்னொன்றும் உறுத்தியது. நோயாளிகளுக்கு நன்றாகச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். இழப்பு குறைந்தது, ஆனால் முதல் நாட்களில் நிற்கவில்லை. வெறும் பட்டினியில் இப்படி நடப்பதில்லை. நலமாயிருப்பவர் பட்டினி கிடந்தால் உடல் சில நாட்களில் கொழுப்பை எரிக்கப் பழகி, தசையைச் சேமிக்கத் தொடங்கும். சோறு கிடைத்ததும் கரைவது நின்றுவிடும். கடும் நோயில் அந்தச் சிக்கனம் குலைகிறது. கிருமியை எதிர்க்கும் செல்கள் வெளியிடும் அழற்சிப் பொருட்களும், கார்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களும் சேர்ந்து தசையை உடைக்கச் சொல்லி ஆணையிட்டுக்கொண்டே இருக்கின்றன. உடைந்த புரதத்தின் துண்டுகள், அதாவது அமினோ அமிலங்கள், கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாகவும் நோய் எதிர்ப்புக்கான புரதங்களாகவும் மாறுகின்றன.

கொல்லிமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பஞ்சத்தில் முதலில் தீர்வது குதிரில் இருக்கும் சாமை. அது தீர்ந்தபின் அடுத்த விதைப்புக்கு எடுத்துவைத்த விதைச் சாமையில் கைவைப்பார்கள். இன்றைய உயிர் பிழைக்கும், அடுத்த வெள்ளாமை போய்விடும். தசைதான் உடலின் விதைத் தானியம். மூச்சு விட உதரவிதானம் வேண்டும், இருமிச் சளியைத் தள்ள வயிற்றுத் தசை வேண்டும், எழுந்து நடக்கக் கால் வேண்டும். மூச்சுக்கருவியில் இருக்கும் குழந்தையின் உதரவிதானம் நாளுக்கு நாள் மெலிவதை இன்று அல்ட்ராசவுண்டில் பார்க்க முடிகிறது. அசைவில்லாமல் கிடப்பதும் அதற்கு ஒரு காரணம். நோய் தீர்ந்த பிறகும் கருவியிலிருந்து விடுபட முடியாமல் தவிக்கும் குழந்தைகள் உண்டு. பெரியவர்களைவிடக் குழந்தைக்கு இந்த இருப்பு மிகக் குறைவு. எட்டு கிலோவோடு வந்த குழந்தைக்கு அதிலும் பாதி ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது.

எனவே நிறையக் கொடுத்துவிட வேண்டியதுதானே? பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். நோய் ஒரு பெரும் உழைப்பு, ஆகவே சூத்திரப்படி வரும் கலோரியை ஒன்றரை மடங்காக்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. பிறகு ஆட்களை அளந்து பார்த்தார்கள். உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளந்தால் உடல் எவ்வளவு எரிக்கிறது என்று கணக்கிடலாம். மறைமுக வெப்ப அளவீடு என்று இதைச் சொல்லலாம். மூச்சுக்கருவியில் இருக்கும் குழந்தைகளை இப்படி அளந்தபோது, பலர் எரிப்பது சூத்திரம் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது.

யோசித்தால் காரணம் விளங்கும். மயக்கத்தில் இருக்கும் குழந்தை ஓடுவதில்லை, அழுவதில்லை. மூச்சு விடும் வேலையைக் கருவி செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடும் நோயில் குழந்தை வளர்வதை நிறுத்திவிடுகிறது. நலமான குழந்தை வளர்ச்சிக்கென்று செலவிடும் பங்கு அப்போது தேவைப்படாது. நம் குழந்தைக்கு முதல் நாட்களில் 440 கலோரி அளவில் போதும். அதற்கு மேல் திணித்தால் மிஞ்சுவது கல்லீரலில் கொழுப்பாகப் படியும். கரியமில வாயு கூடும். அதை வெளியேற்ற ஏற்கெனவே நோயுற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்த கெடுதல் அது.

குறைவாகக் கொடுப்பதும் கெடுதல்தான், அதற்கும் சான்று இருக்கிறது. எட்டு நாடுகளில் குழந்தைகளுக்கான 31 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுக்கருவியில் இருந்த 500 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை நிலேஷ் மேத்தாவும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்டார்கள். எழுதிவைத்த கலோரியில் பாதிகூடக் குழந்தைகளுக்குப் போய்ச் சேரவில்லை. எக்ஸ்ரே, குழாய் மாற்றுதல், அறுவை என்று ஒவ்வொன்றுக்காகவும் பால் நிறுத்தப்படுகிறது. திரும்பத் தொடங்க யாரும் நினைவூட்டுவதில்லை. குடல்வழியே தேவைக்கு நெருக்கமாக உணவு பெற்ற குழந்தைகளில் இறப்பு குறைவாக இருந்தது. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நோய் கடுமை குறைந்த குழந்தைக்குப் பால் எளிதாக ஏறும். அதனால் பால் ஏறியதால் பிழைத்ததா, பிழைக்கும் குழந்தை என்பதால் பால் ஏறியதா என்று கவனித்துப் பார்ப்பதால் மட்டும் சொல்லிவிட முடியாது.

அதைப் பிரித்தறியச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கும் சோதனைதான் வழி. அப்படி நடந்தவற்றுள் முக்கியமானது 2016இல் வெளியானது. பெல்ஜியத்தின் லூவன், நெதர்லாந்தின் ராட்டர்டாம், கனடாவின் எட்மண்டன் ஆகிய மூன்று நகர மருத்துவமனைகளில் 1,440 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். கேள்வி ரத்தக்குழாய் வழியே நேரடியாக ஊட்டம் ஏற்றுவது பற்றியது. இந்தச் சிரைவழி ஊட்டத்தில் சர்க்கரையோடு அமினோ அமிலங்களும் கொழுப்பும் முழுமையாக இருக்கும். சாதாரண குளுக்கோஸ் பாட்டில் வேறு. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவரது குழுவும், குடல் அநேகமாக இல்லாமலே பிறந்த ஒரு பச்சிளங்குழந்தையை இந்த முறையில் வளரவைத்துக் காட்டியபோது அது அற்புதமாகத் தெரிந்தது, அற்புதமும்தான். அதன்பின் குடல்வழி ஏறாத பால் எல்லாவற்றுக்கும் ஈடாக முதல் நாளிலேயே சிரைவழி ஏற்றுவது உலகெங்கும் வழக்கமாயிற்று.

கிரீட் வான் டென் பெர்கேயின் குழு அந்த வழக்கத்தைச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு 24 மணி நேரத்துக்குள் சிரைவழி ஊட்டம். இன்னொரு பிரிவுக்கு ஒரு வாரம் அதைத் தள்ளிவைத்தல். இரு பிரிவுக்கும் முடிந்த அளவு குழாய் வழிப் பாலும், வைட்டமின்களும் நுண்தாதுக்களும் உண்டு. தள்ளிவைத்தவர்களே நன்றாக இருந்தார்கள். புதிய தொற்று அவர்களில் 10.7 சதவீதம், முன்கூட்டியே ஏற்றியவர்களில் 18.5 சதவீதம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்கள் சராசரியாக 6.5, 9.2. ஊட்டத்தைத் தள்ளிப்போட்டதால் மூளை வளர்ச்சி கெடுமோ என்று அஞ்சி, ஈராண்டு கழித்து அதே குழந்தைகளைப் பரிசோதித்தார்கள்; கெடவில்லை. சிக்கல் எந்தச் சத்தில் என்று பிரித்துப் பார்த்தபோது விரல் நீண்டது அமினோ அமிலங்களை நோக்கி. தசையைக் காப்பாற்ற எதை அவசரமாக ஏற்றினார்களோ, அதுவே!

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று தன்னுண்ணல். செல், தனக்குள் பழுதான புரதங்களையும் உறுப்புகளையும் தானே உடைத்து அப்புறப்படுத்திக்கொள்ளும் வேலை அது. அதன் அடிப்படை மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு அதே 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அமினோ அமிலம் தாராளமாக வந்தால் செல் இந்த வேலையை நிறுத்திவிடுகிறது. நோயின் உச்சத்தில் பழுதுகள் குவியும்போது, துப்புரவு நின்றுபோவது ஆபத்து. ஆக, லங்கணம் சொன்ன கட்சி முழுக்கத் தவறில்லை; முதல் சில நாட்களுக்கு, அதுவும் ரத்தக்குழாய் விஷயத்தில், அதன் பேச்சில் உண்மை இருக்கிறது.

ஆனால் குடலை அந்த லங்கணத்தில் சேர்க்கக் கூடாது. குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய உணவின் பெரும்பங்கு ரத்தத்திலிருந்து வருவதில்லை. குடலுக்குள் வரும் உணவிலிருந்தே நேராகக் கிடைக்கிறது. ஒன்றும் வராவிட்டால் உட்சுவரின் விரல்கள் சுருங்குகின்றன, தடுப்பு தளர்கிறது. பாட்டி பார்த்த எட்டு மில்லி பால் இதற்குத்தான். குழந்தையின் வயிற்றை நிரப்ப அல்ல, குடலை உயிரோடு வைத்திருக்க. கிலோவுக்கு ஒரு மில்லி என்ற அளவில், ரத்த அழுத்தம் நிலைப்பட்டிருந்தால் சேர்த்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டல்கள். தாய்ப்பால் இருந்தால் அதைப் பீய்ச்சிக் கொடுப்பதே முதல் தேர்வு. முதல் வார முடிவுக்குள் கலோரித் தேவையில் மூன்றில் இரண்டு பங்கும், கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதமும் எட்ட வேண்டும் என்பது 2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டலின் இலக்கு. நம் குழந்தைக்குப் பன்னிரண்டு கிராம். இரண்டு நாமக்கல் முட்டையில் உள்ள புரதம்.

இவ்வளவும் பொதுவான கணக்கு. கொல்லிமலைக் குழந்தைக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. மேலே சொன்ன மூன்று நகரங்களிலும் ஆய்வில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் இதய அறுவைக்குப் பின் வந்த ஐரோப்பிய, கனடியக் குழந்தைகள். நம் குழந்தையோ விதைத் தானியத்திலும் பாதியைத் தின்று தீர்த்துவிட்டு வந்திருக்கிறது.

ஊட்டக்குறைவு பற்றிய அறிவியலில் பெரும் பெயர் பெற்ற ஒருவர் இந்த வட்டாரத்துக்காரர். 1918இல் சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அதுதான் பின்னர் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எலும்பும் தோலுமாக வற்றிப்போகும் மராஸ்மஸ், கால் முகமெல்லாம் நீர் கோத்து வீங்கும் குவாஷியார்கர் என்று கடும் ஊட்டக்குறைவுக்கு இரண்டு முகங்கள். முன்னதற்குக் கலோரிக் குறைவும் பின்னதற்குப் புரதக் குறைவும் காரணம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கோபாலன் இரு வகைக் குழந்தைகளின் உணவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரிய வேறுபாடு தென்படவில்லை. வற்றிய குழந்தையின் உடல் தசையை விட்டுக்கொடுத்துக் கல்லீரலைக் காத்துக்கொண்டது. வீங்கிய குழந்தையின் உடல் அப்படித் தகவமைய முடியாமல் தோற்றது என்று அவர் விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் ஊட்டமற்ற குழந்தையின் உடல் வேறு விதிகளின்படி ஓடுகிறது என்ற அவர் பார்வை, இன்று அந்தப் படுக்கையருகில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அடிப்படை.

அந்த விதிகளில் மிகக் கொடியது மறுஊட்டச் சிக்கல். 1945இல் பிலிப்பைன்ஸில் பட்டினியில் வாடிச் சரணடைந்த ஜப்பானிய வீரர்களில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனதை அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நெடுநாள் பட்டினியில் உடலின் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் வற்றிப்போயிருக்கும். ரத்தப் பரிசோதனையில் மட்டும் அளவு சரியாகவே காட்டும். திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் சுரந்து சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளுகிறது. கூடவே இந்த உப்புகளும் உள்ளே போய்விட, ரத்தத்தில் அவை அதலபாதாளத்துக்கு இறங்குகின்றன. இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை சோரும். சர்க்கரையை எரிக்கத் தேவையான தயமின் என்ற வைட்டமின் பி1 இல்லாவிட்டால் மூளையும் பாதிக்கப்படும். குழந்தை 'தேறி வருகிறதே' என்று எல்லோரும் மூச்சு விடும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் இது தாக்கும்.

ஆகவேதான் தயமின் முதலில், உப்புகளைத் தினமும் அளந்து ஈடுகட்டுதல், உணவைப் படிப்படியாக ஏற்றுதல் என்ற ஒழுங்கு. உலக சுகாதார நிறுவனம் கடும் ஊட்டக்குறைவுக்கு வகுத்த முறையும் இதே தர்க்கம்தான்: முதல் கட்டத்துக்கு நூறு மில்லியில் 75 கலோரி மட்டும் உள்ள பால்கலவை, புரதமும் குறைவு; குழந்தை நிலைப்பட்ட பிறகே நூறு கலோரிக் கலவை. கல்லீரல், குடல், சிறுநீரகம் எல்லாம் ஒடுங்கிப்போயிருக்கும் உடலுக்கு அதற்கு மேல் தாங்காது. ரத்தசோகை வெளிப்படையாகத் தெரிந்தாலும் இரும்புச்சத்தைத் தொடக்கத்தில் தருவதில்லை. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். பால் அடிப்படையிலான உணவில் பாஸ்பேட் இயல்பாகவே இருப்பது ஒரு வசதி.

மருத்துவர் கேட்கும் கேள்விகளில் 'எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை?' என்பது ஒப்புக்குக் கேட்பதல்ல என்று இப்போது புரியும். குழந்தை முந்தாநாளே நிறுத்திவிட்டதா, ஒரு வாரமாயிற்றா, அதற்கு முன்பே மெலிந்திருந்ததா என்பதைப் பொறுத்துப் பாலின் அளவே மாறுகிறது. எடையை மட்டும் நம்ப முடியாது. நீர் கோத்தால் எடை கூடித் தெரியும். மேல்கையின் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறைவு. கருவிகள் நிறைந்த அந்த அறையில் மிக மலிவான கருவி அந்த நாடா. என் மதிப்பில் மிக உயர்ந்தவற்றில் ஒன்று.

மலையில் சாப்பாடு மாறிய கதையும் இங்கே வருகிறது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் பெரும் பகுதியைச் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. மரவள்ளி காசு தருகிறது. ஆனால் நூறு கிராம் பச்சைக் கிழங்கில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். சாமை குத்துவதில் பெண்களுக்கு இடுப்பொடிந்தது என்பதும் உண்மையான காரணம். அதனால்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதைகளோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுபோனது.

கேழ்வரகுக்குக் குழாயோடும் ஒரு தொடர்பு உண்டு. விலைக்கு வாங்கும் டப்பா உணவு கட்டுப்படியாகாத மருத்துவமனைகளில் சமையலறையில் காய்ச்சிய கஞ்சியே குழாயில் போகிறது. மாவு கூடினால் கஞ்சி இறுகிக் குழாயை அடைக்கும்; தண்ணீர் கூடினால் கலோரி குறையும். முளைகட்டிய தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். கெட்டியான சூடான கஞ்சியில் முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவு ஒரு சிட்டிகை கலந்தால் சில நிமிடங்களில் இளகி ஓடும். வடோதராவில் தாரா கோபால்தாஸும் மாணவர்களும் 1980களில் இதை அளந்து நிறுவினார்கள். கேழ்வரகை முளைகட்டும் பக்குவம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் குழாய்க்கான கஞ்சியை வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுக்கக் கூடாது. சுத்தமும் அளவும் மருத்துவமனைச் சமையலறையின் பொறுப்பில் இருக்க வேண்டும், ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரின் கண்காணிப்பில்.

ஏழெட்டு நாளில் அழற்சி அடங்கும்போது எல்லாக் கணக்கும் திரும்புகிறது. மூச்சுக்குழாய் எடுக்கப்படுகிறது, குழந்தை அழுகிறது, கை நீட்டுகிறது, பசி திரும்புகிறது. உடைக்கச் சொன்ன ஆணைகள் ஓய்ந்துவிட்டதால், இப்போது வரும் புரதம் தசையில் போய்ச் சேரும். இனி கிண்ணத்தோடு நிற்கும் கட்சியின் காலம். கிலோவுக்கு 150 கலோரிக்கு மேலும், நான்கு கிராமுக்குக் குறையாத புரதமும் தரலாம். நன்றாக ஈடுகட்டி வளரும் குழந்தை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பத்து கிராமுக்கு மேல் கூடும். எட்டு கிலோ குழந்தை என்றால் நாளுக்கு எண்பது கிராம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காலம் பெரும்பாலும் மருத்துவமனையில் கழிவதில்லை. படுக்கை வேறு குழந்தைக்கு வேண்டும், தாய்க்கு வீட்டில் இன்னொரு பிள்ளை, தந்தைக்குக் கூலி. மருந்துச் சீட்டோடு பேருந்தேறி எழுபது வளைவுகளையும் கடந்து போய்விடுகிறார்கள். அந்தச் சீட்டில் ஆன்டிபயாடிக் மாத்திரை எத்தனை வேளை என்று இருக்கும். வீடு திரும்பும் நாளன்று எடை எவ்வளவு, மேல்கைச் சுற்றளவு எவ்வளவு, முட்டை, பால், எண்ணெய், பருப்பு நாளைக்கு எவ்வளவு, மறுபடி எடை பார்க்க வேண்டிய தேதி எது என்ற நான்கு வரிகளும் அதில் இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதி ஊர் அங்கன்வாடிப் பணியாளரின் கைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்தில் எடை ஏறவில்லை என்றால் குழந்தையைச் செம்மேட்டுக்கு அழைத்து வருவதற்கு அந்தத் தாள் ஒன்றே அவருக்குப் போதுமான காரணம்.